நூருல்லா நிறுத்தச் சொன்ன கல்

செஞ்சி பஜாரில் தகரப் பெட்டி செய்து விற்ற நூருல்லா பாய்க்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. "மழையில வெச்சா உள்ள தண்ணி போவுமா பாய்?" என்று யாராவது கேட்டால், "போவும்" என்று சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். அதனாலேயே அவர் கடையில் கூட்டம் குறைவு. அப்படிப்பட்ட மனிதர் அறுபத்தெட்டாம் வருஷம், ஓர் உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தை விட்டுவிட்டு, வேண்டாத இடமெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விஷயம் சின்னதுதான். மகள் தாஹிராவுக்கு அனந்தபுரத்தில் மாப்பிள்ளை அமைந்து, நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. புது மாப்பிள்ளை வந்தால் தங்க வீட்டில் இடமில்லை. வீட்டை ஒட்டி ஒரு பொதுச் சாக்கடை போகிறது. ராஜா காலத்துக் கருங்கல் கட்டு. மேலே பலகைக் கல் போட்டு மூடியது. தெருத் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் ஏரிக்கால்வாயில் விடும். அந்தப் பலகைக் கல்லைப் பெயர்த்துவிட்டு, சாக்கடையின் மேலே பாய் ஓர் அறையை எடுத்துக் கட்டினார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சமாதானம் சொல்ல முடியாத காரியம் அதற்கு அடுத்தபடி நடந்தது. தளம் போடுகிற அன்று கொத்தனார் கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"இந்த அகலத்துக்குத் தளம் தாங்காது பாய். சாக்கடைக்கு நடுவுல ஒரு கல்லு நிறுத்தினா கம்முனு நிக்கும். ஆனா குப்பை வந்து கல்லுல மாட்டிக்கும். மழைன்னா தண்ணி எதுத்துக்கினு மேல் வீட்டுக்குப் பூடும். நீயே சொல்லு."

பாய் மகளை நினைத்தார், மாப்பிள்ளையை நினைத்தார், வாங்கிப் போட்டிருந்த சிமெண்டை நினைத்தார். "நிறுத்து" என்றார்.

மேல் வீடு, அதாவது சாக்கடைத் தண்ணீர் வரும் பக்கத்து வீடு, தைலம்மாளுடையது. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விற்பாள். திண்டிவனம் பஸ்ஸும் வேட்டவலம் பஸ்ஸும் அவள் குரல் கேட்காமல் கிளம்பியதில்லை. தாஹிரா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. நோன்பு மாசத்தில் பள்ளிவாசல் கஞ்சி பாய் வீட்டுக்கு வந்ததும் ஒரு தூக்குவாளி தைலம்மாள் வீட்டுக்குப் போகும். அந்தத் தூக்கு காலியாகத் திரும்பி வராது. மல்லாட்டையோ முருங்கைக்கீரையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு வெல்லக்கட்டியோ உள்ளே இருக்கும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. கன்னியப்பன் சொன்னது வார்த்தை பிசகாமல் நடந்தது. சாக்கடைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு தைலம்மாளின் சமையல்கட்டு வழியாக வீட்டுக்குள் ஏறியது. காலையில் அவள் முறத்தால் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி பாய்" என்றாள்.

"ஆமாக்கா, ஜாஸ்திதான்" என்றார் பாய்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க அவர் தட்டிய தகரம் ஒன்றும் நேராக வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு யோசனை பிறந்தது. கோழைகளுக்கு யோசனை சீக்கிரம் பிறக்கும். தானே போய்ச் சொன்னால்தானே கேவலம். சர்க்காரிடம் போய்ச் சொல்லிவிட்டால், அவர்கள் வந்து பார்த்து, திட்டி, கல்லை எடுக்கச் சொல்வார்கள். "ஆர்டர் வந்துட்டுதுக்கா, எடுக்கிறேன்" என்று சொல்லிக் கல்லை எடுத்துவிடலாம். தளத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஊரில் அதற்கென்றே ஓர் ஆபீஸ் இருந்தது. பஞ்சாயத்தும் அல்லாமல் தாலுக்காவும் அல்லாமல் தனியாக முளைத்த ஆபீஸ். பலகை இங்கிலீஷில் இருந்தவரை அது என்ன ஆபீஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்சி மாறி, 'வடிகால் பரிபாலனக் கிளை' என்று தமிழில் எழுதிய பிறகு, தமிழிலேயே தெரியாமல் போயிற்று. கீழ்நோக்கி ஓடும் தண்ணீர் எல்லாம் அதன் ஆளுகையில் அடக்கம். அதிகாரி கோதண்டராமன் வெற்றிலை போடாத, வேட்டி கட்டாத, கோபப்படாத மனிதர்.

பாய் போய்க் கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னார். கல்லையும் சொன்னார். கோதண்டராமன் பொறுமையாகக் கேட்டார்.

"கட்டுவதற்கு முன்னால் கேட்டால் அதன் பெயர் அனுமதி. கட்டிவிட்டு வந்து கேட்டால் அதன் பெயர் வாழ்த்து. வாழ்த்துச் சொல்ல இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது."

"வாழ்த்த வேணாங்க. தப்பு பண்ணிட்டேன். வந்து பாத்துட்டு இடிக்கச் சொல்லுங்க, இடிச்சுடறேன்."

"இடிக்கச் சொல்ல வேண்டுமானால் அது முதலில் அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும். அனுமதி பெறாத கட்டடம் எங்கள் பார்வையில் இல்லை. இல்லாததை இடிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்குத் தணிக்கைக்காரன் என்னை என்ன நினைப்பான்? நீங்கள் அனுமதி கேளுங்கள். கொடுக்கிறோம். அதன் பிறகு தாராளமாக இடிக்கச் சொல்கிறோம்."

பாய்க்குத் தலை சுற்றியது. இருந்தாலும் பெரிய இடம். காரணம் இல்லாமல் பேச மாட்டார்கள் என்று எண்ணி, கட்டிய அறையைக் கட்டப்போவதாக ஒரு மனு கொடுத்தார்.

மனையைப் பார்வையிட ஓவர்சியர் ஆதிமூலம் வந்தார். அன்றைக்கும் மழை. குடையோடு வந்தவர் அறைக்குள் நுழையும்போது நிலையில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். குடையை மட்டும் மடக்கவில்லை.

"சார், உள்ளதான் வந்துட்டீங்களே, கொடையை மடக்கலாமே" என்றாள் பாயின் மனைவி ஹுசைன் பீ, டீயை நீட்டியபடி.

"எப்படிம்மா மடக்கறது? இது காலி மனை. மழை பெய்யுது. நான் நனையாம எழுதணும்ல?"

குடைக்குக் கீழே, கூரைக்குக் கீழே உட்கார்ந்து டீயைக் குடித்தார். பாய் அவர் காலடியைக் காட்டி, "இந்த எடத்துலதான் சார் கல்லு இருக்குது. தளத்தை ஒடைச்சுப் பாத்தீங்கன்னா தெரியும்" என்றார்.

"எந்தத் தளத்தை?"

"நீங்க கால் வெச்சிருக்கிற தளத்தைத்தான் சார்."

ஆதிமூலம் வருத்தத்தோடு பார்த்தார். "பாய், உங்களுக்கு நல்லது பண்ணத்தான் நான் இதைப் பாக்காம இருக்கேன். நீங்களே காட்டினா எப்படி?"

மறுநாள் ஆபீசில் புது முட்டுக்கட்டை கிளம்பியது. சாக்கடை ராஜா கட்டியது. கட்டியவருக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிய வேண்டும். ராஜா செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே என்றார் பாய். "இறந்துவிட்டார் என்பது பொதுஜன அபிப்பிராயம்" என்றார் கோதண்டராமன். "வாரிசு யாரும் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஓர் அறிவிப்பு ஒட்டுவோம்."

ராஜாவின் கோட்டை வாசலில் பசை தடவி அறிவிப்பை ஒட்டியவர் ஆதிமூலம். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் பாய். இருவரும் திரும்பிப் பத்தடி நடப்பதற்குள் ஒரு குரங்கு இறங்கி வந்து காகிதத்தை உரித்து, பசை இருந்த பக்கத்தை நக்கி, மீதியைக் கிழித்துப் போட்டது. ஆதிமூலம் நேர்மையானவர். நடந்ததை அப்படியே போய்ச் சொல்லிவிட்டார்.

கோதண்டராமன் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "கோட்டைக்குள் இப்போது குடியிருக்கும் ஒரே தரப்பு அவைதான். கிழித்தது ஆட்சேபணையா, பசியா?"

"பசிதாங்க" என்றார் பாய்.

"எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தார். தப்புச் செய்த மனிதனுக்கு எதில் கையெழுத்துப் போடவும் கை கூசாது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தவரை ஹுசைன் பீ மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாங்க இது? ராஜாகிட்ட கேக்கிறீங்க, கொரங்குகிட்ட கேக்கிறீங்க. அந்தக்காகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"ஆர்டர் வரட்டும்" என்றார் பாய்.

நோன்பு பிறந்தது. மழையும் அதன் பாட்டுக்குப் பெய்தது. ஒரு ராத்திரி ஏறிய தண்ணீரில் தைலம்மாளின் மல்லாட்டை மூட்டை ஊறிப்போயிற்று. அன்றைய யாவாரமும் அடுத்த சந்தைவரை வைத்திருந்த சரக்கும் அதுதான். சாக்கடை நாற்றம் ஏறிய கொட்டையை யார் தின்பார்கள்? மூட்டையைக் குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டு வந்தவள், மேலே உறியில் இருந்ததால் தப்பிய கொஞ்சத்தை வேகவைத்தாள். அன்று சாயங்காலம் கஞ்சித் தூக்கு அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, தப்பிய அந்த மல்லாட்டைதான் உள்ளே சூடாக இருந்தது.

பாய் தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தார். மல்லாட்டையைக் கையில் எடுத்தார். வாய்க்குப் போகவில்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தும் அதைத் திரும்பத் தூக்கிலேயே போட்டார். தாஹிரா, "ஏன் அத்தா சாப்பிடல?" என்று கேட்டாள். "வயிறு சரியில்ல" என்றார். நோன்பு வாயால் சொன்ன பொய் இல்லை, திறந்த பிறகு சொன்னதுதான் என்று அதற்கும் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். கோதண்டராமன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தார் பாய்.

"வழி கிடைத்துவிட்டது. பொதுச் சாக்கடை மேல் தனியார் கட்டடம் கூடாது. சரி. ஆனால் சாக்கடையைப் பராமரிக்கும் அலுவலகம் இருக்கலாம் அல்லவா? அந்த அறையில் எங்கள் துணைக் கிளையைத் திறந்துவிடுகிறோம். அது அலுவலகம் ஆகிவிட்டால் அனுமதி தானாக வந்துவிடும். உங்களுக்கு நாங்கள் செய்யும் உதவி."

"ஐயா, மாப்பிள்ளைக்குன்னு கட்டினதுங்க."

"மாப்பிள்ளை மனுக் கொடுத்தால் பார்வை நேரத்தில் வந்து உட்காரட்டும். யார் வேண்டாம் என்றது?"

திறப்பு விழா நடந்தது. மாவிலைத் தோரணம், மைக் செட், பூசணிக்காய். தெரு முழுக்கக் கூடியிருந்தது. தைலம்மாளும் கூடையோடு ஓரமாக நின்றாள். கோதண்டராமன் பேசினார்:

"பெரியோர்களே, நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. இதுவரை ஒரு சாக்கடையைக்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். அபிப்பிராயம் வந்தவன் நடுநிலை தவறுவான். சாக்கடைகள் அடைத்துக்கொள்கின்றன என்று மக்கள் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களை நாங்கள் ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காக அடுக்கி வைக்கிறோம். இன்று முதல் சாக்கடையின் மேலேயே உட்கார்ந்து சாக்கடையைக் கவனிக்கப்போகிறோம். இந்தப் பெருமை வேறெந்த ஊருக்காவது உண்டா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பாயும் தட்டினார். தைலம்மாள் தட்டவில்லை, கூடை கையில் இருந்தது.

கோதண்டராமனின் மேஜை சரியாகக் கல்லுக்கு மேலே போடப்பட்டது. முதல் மனுதாரராக வந்து நின்றவள் தைலம்மாள். வீட்டுக்குள்ளே தண்ணீர் ஏறுகிறது, எங்கேயோ அடைப்பு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றாள். பாய் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடைப்பு இருந்தால் மேலேயே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்றார் கோதண்டராமன். "தெரியவில்லை. ஆகவே அடைப்பு இல்லை. அடைப்பு இல்லாத சாக்கடையின் தண்ணீர் ஓர் இடத்துக்கு வருகிறது என்றால், அந்த இடமும் சாக்கடைதான் என்று பொருள். அம்மா, நீங்கள் ஒரு பொதுச் சாக்கடைக்குள் குடியிருக்கிறீர்கள். இத்தனை நாள் இதை எங்களிடம் தெரிவிக்காததே தவறு."

தைலம்மாளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது ஆதிமூலம் அவள் வீட்டுச் சுவரில் ஓர் உத்தரவை ஒட்டிக்கொண்டிருந்தார். சாக்கடையை ஆக்கிரமித்திருக்கும் சமையல்கட்டையும் கூடத்தையும் பெருநாளுக்குள் காலி செய்ய வேண்டும். இந்த அறிவிப்பைக் கிழிக்க ஒரு குரங்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் கஞ்சித் தூக்கு போய்த் திரும்பியது. ஹுசைன் பீ மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அதைப் பாயின் முன்னால் வைத்தாள்.

தூக்கு காலியாக இருந்தது. நன்றாகக் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது.

பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தூக்கின் அடித்தகரத்தை இந்த மாசத்தில் அவர் பார்த்ததில்லை. அவரே அடித்துச் செய்த தூக்குதான்.

மறுநாள் காலையில் கடை திறக்கவில்லை. கன்னியப்பன் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நேராக அறைக்குள் நுழைந்தார். கோதண்டராமன் அப்போதுதான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. மேஜையை நகத்தணும்."

"மனு இருக்கிறதா?"

"இல்லைங்க. கடப்பாரைதான் இருக்குது."

மேஜையை அவரே ஓரமாக இழுத்துவிட்டு முதல் அடியைப் போட்டார். சத்தம் கேட்டுத் தெரு கூடியது. கன்னியப்பன் கயிற்றோடு வந்து நின்றான். தளம் பாளம் பாளமாக விண்டு உள்ளே விழுந்தது. கீழே கல் நின்றது. அதைச் சுற்றி வாழைமட்டையும் கந்தலும் செத்த எலியும் சேறும் கெட்டியாக அடைத்திருந்தன. பாய் உள்ளே இறங்கினார். நோன்பு வாய், இடுப்புவரை சாக்கடை. கல்லுக்குக் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது தைலம்மாள் மேலே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார். அண்ணாந்து பார்த்துப் பேசுவது அந்த நேரத்தில் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. "இந்தக் கல்ல நான்தான்க்கா நிறுத்தச் சொன்னேன். உன் வீட்டுக்குத் தண்ணி வரும்னு கன்னியப்பன் சொன்னான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

தைலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"தெரியும் பாய். தளம் போட்ட அன்னைக்கே கன்னியப்பன் வந்து சொல்லிட்டான்."

"தெரியுமா? அப்பறம் ஏங்க்கா கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். ராஜாவுக்குச் சொன்ன, கொரங்குக்குச் சொன்ன, கொடை புடிச்சிக்கினு வந்தானே அவனுக்குச் சொன்ன. நடுவுல ஒரு செவுருதான் இருக்குது, எனக்குச் சொல்லல. காலியா தூக்கு அனுப்பினா அப்பவாவது வருவியான்னு பாத்தேன்."

பாய் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைலம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். "அழுவாத. நோன்பு வெச்சிக்கினு சாக்கடையில நின்னு அழுதா தண்ணிதான் தவிக்கும். தள்ளு."

கல் மேலே வந்தது. அடைத்துக் கிடந்த தண்ணீர் இரைச்சலோடு ஏரிப்பக்கம் ஓடியது.

கோதண்டராமன் அப்போதும் கோபப்படவில்லை. சர்க்கார் கட்டடத்தைச் சேதம் செய்ததற்கு விளக்கம் கேட்டார். பாய் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்கு இத்தனை நாள் அலைந்தவருக்குக் கடைசியில் அந்த வாய்ப்பு இடித்ததற்காகக் கிடைத்தது. உத்தரவும் வந்தது: அறையையும் தளத்தையும் அதன் கீழே இருந்த கல்லையும் முன்பிருந்த நிலையிலேயே திரும்ப நிறுவ வேண்டும்.

கல்லைக் கணக்கெடுக்க ஆதிமூலம் வந்தபோது, அது தைலம்மாள் வீட்டுப் பின்வாசலில் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கல்லு ஆபீஸ் கல்லும்மா."

"எந்தக் கல்லு?"

"நீ உக்காந்திருக்கியே, அதுதான்."

"நான் சாக்கடையிலதான சார் குடியிருக்கேன்? நீங்கதான் ஒட்டிட்டுப் போனீங்க. சாக்கடையில கெடந்த கல்லு சாக்கடையிலயேதான் இருக்குது. போயி எழுதிக்க."

ஆதிமூலம் நேர்மையானவர். போய் அப்படியே எழுதிக்கொண்டார். கல் சாக்கடைக்குள்ளேயே இருப்பதாகத் தெரிந்து, ஆபீஸ் திருப்தி அடைந்தது. துணைக் கிளை பழைய கட்டடத்துக்கே திரும்பிப் போயிற்று. சுவரில் ஒட்டிய உத்தரவுப்படி வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. அந்தக் காகிதத்தை எடுக்கவும் யாரும் வரவில்லை.

பெருநாள் வந்தது, கல்யாணமும் ஆயிற்று. தளம் பெயர்ந்த அறையில் மாப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? அவன் தங்கியது தைலம்மாள் வீட்டுக் கூடத்தில். அவள் சாணி போட்டு மெழுகி, கோலம் போட்டு, தன் ஒரே கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் சமையல்கட்டில் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவள் துணி துவைப்பாள். கல்லில் அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்து பாயை எழுப்பும். "உன் கல்லு நல்ல கல்லு பாய். வழுக்கறதே இல்ல" என்று அங்கிருந்தபடியே சொல்வாள். அவள் குரலில் குத்தல் இருக்காது.

இருந்தால் தேவலையே என்று பாய் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.